பழைய கணினியில் புதிய விண்டோஸ்: ஏற்றலாமா?

விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அதிலிருந்து பெற்றோர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இதுதான்: "பிள்ளையின் லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்கிறது. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?" கல்வி உதவி பெற்றுப் படிக்க வைக்கும் குடும்பத்துக்குப் புது லேப்டாப்பின் விலை சிறிய தொகையல்ல. ஆகவே, பணத்தை எடுக்கும் முன் விஷயத்தை விளங்கிக்கொள்வோம்.

ஆதரவு முடிந்தால் என்ன ஆகும்?

கணினி நின்றுவிடாது, வழக்கம்போல் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்கள் வராது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்த தனிநபர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. நாளடைவில் மற்ற மென்பொருள்களும் கைவிடும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. 2023-இல் குரோம் பிரவுசரும் அதற்குப் புதிய பதிப்பு தருவதை நிறுத்தியது. வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம், ஆதார் விவரம் எல்லாம் பிரவுசர் வழியாகவே போகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

ஏன் ஏற மறுக்கிறது?

விண்டோஸ் 11 முக்கியமாக மூன்று தகுதிகளைக் கேட்கிறது: டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட், குறிப்பிட்ட வரிசைக்குப் பிந்திய பிராசஸர். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, சிஸ்டம் என்பதைத் திறந்தால் பிராசஸர் பெயர் தெரியும். 'ஐ5-3320' என்றிருந்தால் மூன்றாம் தலைமுறை. 'ஐ5-8250' என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவை இந்த வரம்புக்கு முந்தியவை.

பிராசஸர் தகுதியானதாக இருந்தும் 'ஏறாது' என்று வந்தால், டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். பயாஸ் பகுதிக்குப் போய் அதை இயக்கினால் போதும். இதைப் பார்க்காமல் நல்ல கணினியைத் தள்ளிவிட வேண்டாம்.

தடையைத் தாண்டி ஏற்றலாமா?

ஏற்ற முடியும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் விண்டோஸ் 11 பென்டிரைவ் தயாரிக்கும்போது, இந்தச் சோதனைகளை நீக்கும் வசதி இருக்கிறது. அப்படி ஏற்றிய கணினிகள் பல நன்றாகவே ஓடுகின்றன. ஆனால், இத்தகைய கணினிக்கு அப்டேட் உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாதாந்திர அப்டேட்கள் வந்தாலும், ஆண்டுக்கொரு முறை வரும் புதிய பதிப்பு பொதுவாகத் தானாக வராது. ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய பிராசஸர்களில் 24எச்2 பதிப்பு முதல் விண்டோஸ் 11 தொடங்கவே தொடங்காது.

விஷயம் தெரிந்தவர் தம் சொந்தக் கணினியில் இதைச் செய்துகொள்ளலாம். டிரஸ்ட் வழியாக மாணவருக்குப் போகும் கணினியில் நாம் இதைச் செய்வதில்லை. வாங்கிச் செல்லும் பிள்ளைக்கு, அடுத்த ஆண்டு அதைச் சரிசெய்து தர வீட்டில் ஆள் இருக்காது. உதவி என்று கொடுத்துவிட்டு, அவர் அறியாத சுமையையும் சேர்த்துக் கொடுப்பது முறையல்ல. உரிமம் இல்லாத நகல் விண்டோஸையும் இதே காரணத்தால் தவிர்க்கிறோம்.

மாற்று வழி: லினக்ஸ் மின்ட்

இது இலவசம், உரிமச் சிக்கல் இல்லை, ஒவ்வொரு முக்கியப் பதிப்புக்கும் ஐந்தாண்டு அப்டேட் உண்டு. எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பு 2 ஜிபி ரேமில் ஓடும். 4 ஜிபி இருந்தால் சிரமமில்லை. கடிதம், கணக்கு அட்டவணை தயாரிக்க லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது. தமிழ்99 முறையில் தட்டச்சும் செய்யலாம். பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகு நிறுவலாம்.

குறையும் உண்டு. டேலி, பேஜ்மேக்கர், போட்டோஷாப் ஆகியவை லினக்ஸுக்கென வெளியிடப்படவில்லை. கணக்குப் படிப்பவருக்கோ டிடிபி வேலை பார்ப்பவருக்கோ இது பொருந்தாது; அவர்களுக்கு எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய பழைய லேப்டாப் ஒன்றைத் தேடித் தருவதே சரி.

செய்யும் முன்

1. படங்கள், சான்றிதழ்கள், பாடக் குறிப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுங்கள். நிறுவும்போது பழையவை அழிந்துவிடலாம்.

2. பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி மாற்றுங்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரிவது இதனால்தான். ரேம் கூட்டுவது அடுத்தது.

3. மென்பொருளை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

4. கணினியை நன்கொடையாகத் தருபவர்கள், அதில் உள்ள தம் கணக்குகளிலிருந்து வெளியேறி, டிஸ்கை முழுவதும் அழித்துவிட்டுத் தாருங்கள். குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது.

வீட்டில் பயன்படாமல் கிடக்கும் லேப்டாப்பைக் காயலான் கடையில் போடும் முன் ஒரு முறை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்; அது இல்லாமல் சோதித்துப் பார்ப்பது சிரமம். எந்த வழி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறோம். இன்ஷா அல்லாஹ், தேவையுள்ள ஒரு மாணவருக்கு இன்னும் சில ஆண்டுகள் அது பயன்படும்.