கனெக்‌ஷன் பூலைப் பெரிதாக்கினால் வேகம் கூடுமா?

நம்பிக்கை: ஸ்பிரிங் பூட்டின் ஜார் கோப்புக்குள்ளேயே வரும் டாம்கேட் சோதனைக்கு மட்டும்தான் சரி.

உண்மை: தனியாக நிறுவும் டாம்கேட்டும் இதுவும் ஒன்றேதான். முன்பு செர்வர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிய அமைப்புகளை ஸ்பிரிங் பூட்டில் அப்ளிகேஷன் ப்ராப்பர்டீஸ் கோப்பில் எழுதுகிறோம், அவ்வளவுதான்.

நம்பிக்கை: டாம்கேட்டில் 200 த்ரெட்; ஆகவே டேட்டாபேஸுக்கும் 200 கனெக்‌ஷன் வேண்டும்.

உண்மை: அதிகம் பேரைத் தவறான திசையில் அனுப்புவது இதுதான். ஸ்பிரிங் பூட்டில் டாம்கேட் த்ரெட்டின் இயல்பு உச்சவரம்பு 200. ஸ்பிரிங் பூட் 2.0 முதல் இயல்பாக வரும் ஹிகாரி பூலில் கனெக்‌ஷன் 10. இந்த இடைவெளியைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. ஒரு கோரிக்கை கனெக்‌ஷனை 20 மில்லி விநாடி வைத்திருந்தால், பத்துக் கனெக்‌ஷன்கள் விநாடிக்கு 500 கோரிக்கைகளைத் தாங்கும்.

அதே பூல் திணறுவது எப்போது? ட்ரான்சாக்‌ஷன் தொடங்கி, ஆர்டரைப் பதிந்துவிட்டு, அதை முடிக்காமலேயே பேமென்ட் கேட்வேயை அழைத்து இரண்டு விநாடி காத்திருக்கும்போது. அந்த இரண்டு விநாடியும் கனெக்‌ஷன் வேலையின்றிப் பிடிபட்டுக் கிடக்கிறது. கணக்கு விநாடிக்கு 5 கோரிக்கையாகச் சரிந்துவிடும். வரிசையில் நிற்பவை 30 விநாடி பார்த்துவிட்டு, ‘கனெக்‌ஷன் இஸ் நாட் அவெய்லபிள்’ என்று லாகில் விழும். அதைப் படித்தவர் பூல் போதவில்லை என்று முடிவுகட்டி 10-ஐ 100 ஆக்குகிறார். கேட்வே அழைப்பை ட்ரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்தால் 10-ஏ போதும்.

ஸ்பிரிங் பூட்டின் ஓப்பன் இன் வியூ என்ற அமைப்பும் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ட்ரான்சாக்‌ஷன் முடிந்த பிறகும் கோரிக்கை முடியும்வரை கனெக்‌ஷன் திரும்பாமல் போக இதுவும் காரணமாகலாம். ஆப் தொடங்கும்போதே லாக் இதை எச்சரிக்கிறது. தயவுசெய்து அந்த வரியைப் படியுங்கள்.

நம்பிக்கை: பூலைப் பெரிதாக வைப்பதால் நஷ்டமில்லை.

உண்மை: போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி ப்ராசஸ், இயல்பு உச்சவரம்பு 100. பூல் 30 என்று வைத்து ஆப்பை நான்கு பிரதிகளாக ஓட்டினால் 120. ஹிகாரி இயல்பாகவே பூலை முழுதாக நிரப்பி வைத்துக்கொள்வதால், கூட்டம் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ‘டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி’ என்று டேட்டாபேஸ் கையை விரித்துவிடும். வரம்பை உயர்த்தினாலும் சிபியூ கோர்களும் டிஸ்க்கும் கூடப்போவதில்லை. கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டினால் வருவது சோதனையைத் தொடங்க நல்ல எண். அங்கிருந்து லோடு டெஸ்ட் செய்து நகர்த்துங்கள்.

நம்பிக்கை: ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட் வந்தபின் இந்தக் கவலை இல்லை.

உண்மை: த்ரெட் மலிவானது, கனெக்‌ஷன் மலிவாகவில்லை. பத்துக் கனெக்‌ஷனுக்கு ஆயிரம் பேர் காத்திருப்பார்கள்.

நம்பிக்கை: கனெக்‌ஷன் தீர்ந்தால் ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

உண்மை: எடுத்ததைத் திருப்பித் தராத கோடு எங்கோ இருந்தால் அது மறுபடி தீரும். ஹிகாரியில் லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டை 20 விநாடி என்று வையுங்கள். இயல்பாக அது அணைந்திருக்கும். வைத்தால், 20 விநாடிக்கு மேல் பிடித்துவைத்திருக்கும் மெத்தடின் ஸ்டாக் ட்ரேஸ் லாகில் வந்துவிடும்.