காய்ச்சல் போனது, மூச்சு வாங்குகிறது

கேள்வி: கோவிட் வந்து மூன்று வாரம் ஆகிறது. காய்ச்சல் இல்லை, ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஒரு கால் வீங்கியிருக்கிறது. வெறும் களைப்புதானே?
– துறைமுகத் தொழிலாளி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: அப்படி நீங்களே முடிவுகட்டாதீர்கள், ஐயா. கோவிட் கிருமி ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும்; ரத்தம் எளிதில் உறையும். படுத்தே கிடந்தால் காலில் உண்டாகும் ரத்தக்கட்டி, பிய்ந்துபோய் நுரையீரலை அடைக்கலாம். தொற்றுக்குப்பின் 110 நாள்வரை இந்த அபாயம் கூடுதல் என்றது 2022இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு. நோய் லேசாக வந்துபோனவர்களையும் இந்த அபாயம் விட்டுவைக்கவில்லை. அடைப்பு இருந்தால் சிடி ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். அப்படி இருந்தால், உறைதலைத் தடுக்கும் மருந்து குறைந்தது மூன்று மாதம் வேண்டியிருக்கும். தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் வரவும் வேண்டாம். செபராங் ஜெயா மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு இன்றே போங்கள். நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே 999ஐ அழையுங்கள்.