மென்பொருள் உத்தியோகமும் நேர்முகப் பரீட்சையும்

நம் கலாசாலையை விட்டு வெளியேறும் மாணவருள் பலர் மென்பொருள் ஆக்கும் தொழிலை நாடுகின்றனர். அவர்க்கு நேர்முகப் பரீட்சை என்னும் சொல்லே நடுக்கம் விளைவிக்கின்றது. ஆங்கு நிகழ்வது இன்னதென முன்னரே அறிந்திருப்பின் அந்நடுக்கம் ஒருவாறு தணியும். இதனை வரைவோன் தன் முதற் பரீட்சையில் விடை தெரிந்திருந்தும் வாய் பேசாதிருந்து தோற்றவன்.

முதற்கண் கணிப்பொறியின் வாயிலாகக் குறித்த காலத்துள் விடையெழுதும் சோதனை நடைபெறும். அதில் தேறியோரைப் பரீட்சகர் நேரிலேனும் திரையிலேனும் கண்டு, தம் முன்னிலையிலேயே நிரல் எழுதச் சொல்வர். இறுதியில் குணநலன், ஊதியம் முதலியன பற்றிய பேச்சு நிகழும். இவற்றுள் மாணவர் பெரிதும் இடறுவது இரண்டாவதிலேயாம்.

ஓர் உதாரணங் காண்க. ஏறுவரிசையில் அடுக்கிய ஆயிரம் எண்களுள் ஒன்றைத் தேடும் நிரலை எழுதுமாறு கேட்கின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொன்றாய்ப் பார்த்துச் செல்லின் ஆயிரம் முறையும் பார்க்க நேரிடலாம். நடுவெண்ணைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சியதன் நடுவை மீண்டும் பார்த்துச் செல்லின் 10 முறைக்குள் முடியும். பத்து லட்சம் எண்களாயினும் 20 முறைக்கு மேற்படாது. இதனைப் 'பைனரி ஸெர்ச்' என்பர். இம்முறையைக் கல்லாத மாணவர் அரியர். எனினும், வினாவைக் கேட்ட மாத்திரத்தே எழுதத் தொடங்குவோரே பலர். ஒரே எண் இருமுறை வருமோ? தேடும் எண் இல்லையாயின் யாது செய்தல் வேண்டும்? பட்டியலே வெறுமையாயின்? இவற்றைப் பரீட்சகரிடம் வினவுதல் குற்றமன்று. அவர் எதிர்பார்ப்பதே அதுதான்.

எளிய வினாவென்று இகழற்க. ஜாவா மொழியோடு வழங்கும் நிரற்றொகுதியில் இத்தேடலை எழுதிய ஜாஷுவா பிளாக் என்பவர், அதனுள் ஒரு பிழை ஏறக்குறைய ஒன்பது ஆண்டு மறைந்திருந்ததென 2006-ஆம் ஆண்டில் தாமே வெளியிட்டார். நடுவைக் காண இரு முனைகளின் எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தனர். பட்டியல் மிகப் பெரிதாயின் அத்தொகை 214 கோடியே சொச்சமாகிய எல்லையைக் கடந்து எதிர்மறை எண்ணாய் மாறிவிடும். முனைகளின் வித்தியாசத்திற் பாதியைத் தொடக்க எண்ணோடு கூட்டுவதே பரிகாரம். பெரும்புலவரும் பிழைத்த இடத்தில், பிழை எங்கே நேரக்கூடுமென ஆராய்ந்து பேசும் மாணவனைப் பரீட்சகர் மறவார்.

ஆயின் பேசிக்கொண்டே எழுதுதல் எளிதன்று. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோஸாஃப்ட் ஆராய்ச்சியாளரும் 48 மாணவரைக் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சி 2020-இல் வெளிவந்தது. ஒரு சாரார் தனியறையில் விடை கண்டனர். மற்றொரு சாரார் பரீட்சகர் நோக்கியிருக்க, தாம் எண்ணுவதை வாய்விட்டுரைத்த வண்ணம் முயன்றனர். பின்னவர் திறம் முன்னவர் திறத்திற் பாதியாய்க் குறைந்தது. பிறர் நோக்க எழுதிய மகளிருள் ஒருவரும் தேறவில்லை. தனித்தெழுதிய மகளிர் யாவரும் தேறினர். தொகை சிறிதாதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் ஆகாது. எனினும் பரீட்சகராய் அமர்வோர் இதனைச் சிந்தித்தல் கடன்.

அவர்கள் முறையை மாற்றுங்காறும் நாம் காத்திருத்தல் இயலாது. ஆகவே, மாணவ நண்பர்காள், விடுதியறையில் ஒரு தோழரை எதிரில் அமர்த்துங்கள். அவர் நிரல் அறியாதவராயினும் தாழ்வில்லை. கரும்பலகையின் முன் நின்று, அடுத்த வரியை ஏன் எழுதுகின்றீர் என்பதை அவர் காதில் விழுமாறு சொல்லிக்கொண்டே எழுதுங்கள். நீங்கள் மௌனமாகும்போதெல்லாம் அவர் மேசையைத் தட்டட்டும்.