குறுக்கெழுத்துப் புதிருக்கு ஸ்ப்ரெட்ஷீட் தரும் உதவி

காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைக் கூடப் பார்க்காமல் குறுக்கெழுத்துப் புதிர் இருக்கும் பக்கத்தைத் திருப்புபவர்கள் பல வீடுகளில் உண்டு. பெரும்பாலான விடைகள் அரை மணி நேரத்தில் வந்துவிடும். மீதி இரண்டு மூன்று மாலை வரை படுத்தும். இவற்றுக்குக் கம்ப்யூட்டரிடம் உதவி கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் விடையையே தேடி எடுத்து எழுதிவிட்டால் புதிர் போடுவதில் சுவை ஏது? பொருந்தும் சொற்களைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கட்டும். எது விடை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். இதற்கான வழியை இங்கு பார்க்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஸ்ப்ரெட்ஷீட் பழகவும் இது நல்ல பயிற்சி.

முதலில் ஒரு சிக்கல்

"கொக்கு" என்ற சொல்லுக்குப் புதிரில் எத்தனை கட்டம்? மூன்று. இதே சொல்லை எக்ஸெல் தொகுப்பில் டைப் செய்து, எழுத்துகளை எண்ணும் லென் என்ற பங்ஷனைக் கொடுத்துப் பாருங்கள். 6 என்று விடை வரும். கம்ப்யூட்டர் தவறாக எண்ணவில்லை. யூனிகோட் முறையில் க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என ஆறு குறியீடுகளாகத்தான் இச்சொல் பதிவாகிறது. ஆங்கிலப் புதிருக்கென உள்ள உதவி புரோகிராம்கள் பல தமிழில் தடுமாறக் காரணம் இதுதான். "மூன்றெழுத்துச் சொல் கொடு" என்று கேட்டால் அவை மூன்று குறியீடு உள்ள சொல்லைத் தேடும். கேள்வி கேட்டால் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு செயலிகளிடம் சொல்லின் பொருளைக் கேட்கலாம். எழுத்துக் கணக்கை மட்டும் நீங்களே விரல் விட்டு எண்ணிக் கொள்ளுங்கள்.

சிக்கலைத் தீர்க்கும் வழி எளிது. புதிரில் ஒரு கட்டத்திற்கு ஓர் எழுத்து. அதே போல ஸ்ப்ரெட்ஷீட்டிலும் ஒரு செல்லுக்கு ஓர் எழுத்து என்று அமைத்துவிட்டால் போதும்.

பட்டியல் தயாரித்தல்

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது எக்ஸெல், எது இருந்தாலும் சரி. புதிய பைல் ஒன்றைத் திறக்கவும்.

1. முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை அமைக்கவும். ஏ வரிசையில் சொல், பி வரிசையில் எண்ணிக்கை, சி முதல் ஜே வரை எழுத்து 1 முதல் எழுத்து 8 வரை, கே வரிசையில் குறிப்பு.

2. சி2 செல்லில் தொடங்கி, ஒரு சொல்லின் எழுத்துகளைத் தனித்தனி செல்லில் டைப் செய்யவும். வேழம் என்றால் வே, ழ, ம் என மூன்று செல்கள். கே2 செல்லில் "யானை" என்று குறிப்பு எழுதவும்.

3. ஏ2 செல்லில் =சி2&டி2&இ2&எப்2&ஜி2&எச்2&ஐ2&ஜே2 என்று பார்முலா அமைக்கவும். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் தர வேண்டும்.) பிரித்து எழுதிய சொல் இங்கு முழுதாகத் தெரியும்.

4. பி2 செல்லில் =கவுன்ட்ஏ(சி2:ஜே2) என்று, இதையும் ஆங்கில எழுத்தில் அமைக்கவும். எத்தனை செல்லில் எழுத்து உள்ளது என எண்ணிச் சொல்லும். வேழம் என்றால் 3 என்று வரும். புதிரின் கணக்கும் இதுதான்.

5. ஏ2, பி2 இரண்டையும் தேர்வு செய்து, கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுக்கவும். பார்முலா மற்ற வரிகளுக்கும் சென்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. க என்று டைப் செய்து என்டர் தட்டினால், மேலே ஏற்கனவே உள்ள "கா" தானாக வந்து உட்கார்ந்துவிடலாம். இதைத் தவிர்க்க, கால்க் தொகுப்பில் டூல்ஸ் மெனுவில் ஆட்டோஇன்புட் என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். எக்ஸெல்லில் பைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் சென்று ஆட்டோகம்ப்ளீட் என்பதை நீக்கவும்.

தேடுவது எப்படி?

தலைப்பு வரிசையில் ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஷிப்ட்+எல் அழுத்தவும். ஒவ்வொரு தலைப்பின் ஓரத்திலும் சிறிய அம்புக்குறி தோன்றும்.

"யானை, மூன்று கட்டம்" என்பது கேள்வி. மேலிருந்து கீழ் வந்த விடையால் நடுக் கட்டத்தில் "ழ" கிடைத்திருக்கிறது. எண்ணிக்கை அம்புக்குறியைக் கிளிக் செய்து 3 மட்டும் தேர்ந்தெடுக்கவும். பின் எழுத்து 2 அம்புக்குறியில் "ழ" மட்டும் தேர்ந்தெடுக்கவும். உங்கள் பட்டியலில் இருப்பதைப் பொறுத்து பழம், கழல், மழலை, முழவு, வேழம் என்று சில சொற்களே நிற்கும். யானையைக் குறிப்பது எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

இவ்வளவு விரைவாகப் பட்டியல் சுருங்கக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் 26 எழுத்துகளில் ஒன்று வரும். தமிழில் 247 எழுத்துகளில் ஒன்று வரலாம். எனவே தெரிந்த ஓர் எழுத்தே பெரும்பாலான சொற்களை ஒதுக்கிவிடுகிறது. சில நூறு சொற்கள் சேர்ந்தாலே பட்டியல் பயன் தரத் தொடங்கும்.

"வலமிருந்து இடம்", "கீழிருந்து மேல்" என்று கேட்டால் கவனம் தேவை. நான்கு கட்ட விடையில் இடப்பக்க முதல் கட்டத்தில் "ல்" இருந்தால், எழுத்து 4 வரிசையில்தான் தேட வேண்டும். "குழம்பியுள்ளது" என்று இருந்தால் எண்ணிக்கையை மட்டும் தேர்வு செய்து, சொல் வரிசையைக் கண்ணால் பார்வையிடவும்.

சொற்களுக்கு எங்கே போவது?

மறுநாள் பேப்பரில் வரும் விடைகள்தான் முதல் சுரங்கம். உங்களுக்கு வராத விடைகளை மட்டுமாவது தினமும் சேருங்கள். புதிர்களில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைச் சில வாரங்களில் கவனிப்பீர்கள்.

அடுத்து நிகண்டுகள். ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களைத் தொகுத்துத் தரும் திவாகரம், பிங்கலம், சூடாமணி போன்றவை புதிர் போடுபவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். யானைக்குக் களிறு, கரி, தும்பி என்று வரிசையாகக் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் நிகண்டுகளைப் படிக்கலாம். தமிழ் விக்சனரியும் பொருள் பார்க்க உதவும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள பைல்களிலிருந்து சொற்களை எடுத்தால், யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டவும்.

இவை எல்லாவற்றையும் விட நல்ல அகராதி வீட்டிலேயே இருக்கலாம். "உரல்", "குதிர்", "பத்தாயம்" என்றால் என்ன என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விளக்கத்தை அவர்கள் வார்த்தையிலேயே குறிப்பு வரிசையில் எழுதுங்கள். புதிர் நாளையோடு முடிந்துவிடும். இந்தக் குறிப்புகள் நிற்கும். அதனால் மாதம் ஒரு முறை பைலை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைக்க மறக்க வேண்டாம்.