பச்சை வலை போர்த்திய மலை

அன்புள்ள தம்பிக்கு,

வீடிழந்தவர்களைப் பற்றி ஒளிப்பட ஒட்டுச்சித்திரம் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். மூட்டை சுமக்கும் குடும்பத்தை வெட்டி, வெடித்துக் கிடக்கும் ஏரியின் மேல் ஒட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். ஒட்டலாம். ஆனால் பார்ப்பவர் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்.

சீனக் கலைஞர் யாவ் லூவின் படங்களைத் தேடிப் பார். முதலில் பழைய சீன ஓவியம் போலத்தான் தெரியும்: பனிமூட்டம், பச்சை மலை, சிறு மண்டபம், ஓரத்தில் சிவப்பு முத்திரை. உற்றுப் பார்த்தால் அந்த மலை, இடிபாடும் மண்ணும் கொட்டிய மேடு. பச்சையாகத் தெரிவது, புழுதி பறக்காமலிருக்கப் போர்த்திய வலை. 2008 ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டுகளில் பெய்ஜிங்கின் பழைய சந்து வீடுகள் ஏராளமாக இடிபட்டன. சுவரில் ‘இடி’ என்ற எழுத்து விழுந்தால் குடியிருந்தவர்கள் கிளம்ப வேண்டியதுதான். அவர்களின் கண்ணீரை யாவ் லூ காட்டவில்லை. இடித்ததன் மிச்சத்தையே இயற்கைக் காட்சியாக்கினார்.

ஷாங்காயின் யாங் யோங்லியாங் அடுக்குமாடிகளின் படங்களை அடுக்கி மலை செய்கிறார். மின்கோபுரங்கள் அதில் மரங்களாகின்றன. பழைய ஓவியத்தில் மலைக்கு முன் மனிதன் ஒரு புள்ளி. இங்கே மலையே மனிதன் கட்டியது.

இருவரும் ஒட்டிய தடத்தை மறைக்கிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்ததில்லை. 1919–20இல் பெர்லினில் ஹன்னா ஹோஹ் தன் ஒட்டுச்சித்திரத்தில் வெட்டிய விளிம்புகளை அப்படியே விட்டார். அமெரிக்க ஏவுகணைகள் இங்கிலாந்து நாட்டுப்புறத்துக்கு வரவிருந்தபோது, பீட்டர் கென்னார்ட் 1980இல் ஓவியர் கான்ஸ்டபிளின் புகழ்பெற்ற ‘வைக்கோல் வண்டி’ ஓவியத்தில் அந்த வண்டியின் மேல் ஏவுகணைகளை ஏற்றினார். பார்த்த கணமே புரிந்துவிடும். பட்டப்பகலில் நடக்கும் அநியாயத்துக்குத் தெரிகிற ஒட்டு போதும். வலை போர்த்தி மூடிய அநியாயத்துக்கு ஒட்டும் மறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் தான் ஏமாந்ததைப் பார்ப்பவரே கண்டுபிடிப்பார்.

ஒட்டை மறைப்பதென்றால் எல்லாத் துண்டிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழட்டும்; நிழல் மாறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். துண்டுகள் அந்த இடத்திலேயே எடுத்தவையாக இருக்கட்டும். துண்டுகளை அடுக்கும் விதம் உன் கருத்து. துண்டுகள்தாம் அதற்குச் சாட்சி. இணையத்தில் எடுத்த வெடித்த ஏரி எந்த ஊருக்கும் சாட்சி சொல்லாது.

ஆகவே அந்தக் குடும்பத்தை இப்போதைக்கு விட்டுவிடு. அவர்கள் வீடு இருந்த இடத்துக்குப் போ. அங்கே இன்று நிற்பது மதிலோ, பூங்காவோ, விளம்பரப் பலகையோ, அதைப் பல கோணங்களில் எடுத்து அனுப்பு. எதை எதனோடு ஒட்டுவது என்று பிறகு பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்