போனில் படிக்கும் காரைக்கால் பிள்ளைகளின் பெற்றோருக்கு

முதலில் பாடத்திட்டத்தைப் பாருங்கள். காரைக்காலில் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்தான். புதுச்சேரி அரசுப் பள்ளிகளுக்கு 2023-24 முதல் சி.பி.எஸ்.இ. வந்துவிட்டது. ஆனால் யூடியூபில் ‘எட்டாம் வகுப்பு அறிவியல்’ என்று தமிழில் தேடினால், முன்வரிசையில் பெரும்பாலும் தமிழ்நாட்டின் சமச்சீர்க் கல்வி வீடியோக்களே வந்து நிற்கும். பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேறு புத்தகத்தின் பாடத்தைப் படித்துவிட்டு எழுந்திருக்கும்! தேடும்போது, சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் பாடநூலை வெளியிடும் ‘என்.சி.இ.ஆர்.டி.’ பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, பாடநூலில் அச்சிட்ட கியூஆர் கோடை 2017-இல் வந்த தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்வது. நேரே அந்தப் பாடத்துக்கே போகலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்றாலே நம் பக்கம் கரண்ட் போகும், டவரும் போகும். என்.சி.இ.ஆர்.டி. இணையதளத்தில் பாடநூல்கள் இலவச பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. மழைக்கு முன்பே இறக்கி வையுங்கள், பவர் பேங்கையும் நிரப்பி வையுங்கள்.

கணக்குக்குப் போன் அவ்வளவாக உதவாது என்பது என் எண்ணம். வீடியோவில் விடை வருவதைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். நோட்டில் போட்டால் இரண்டாம் வரியிலேயே கை நின்றுவிடும். பாதியில் நிறுத்தி, மீதியைத் தானே போடச் சொல்லுங்கள்.

கண் களைக்காமல் இருக்க, 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்கட்டும். வாசல் வேப்பமரம் போதும்.

அப்பாவின் ஆண்ட்ராய்டு போன் என்றால், ஒரே செயலியைத் திரையில் நிறுத்திவைக்கும் ‘ஆப் பின்னிங்’ வசதியை, விடுவிக்கப் பின் எண் கேட்கும்படி வைத்துக் கொடுங்கள். அந்த எண் தெரியாமல் வாட்ஸ்அப் பக்கம் தாவ முடியாது.