விரால் குளத்தை ஐப்பசியில் தேடுங்கள்

மாசி பாதி தாண்டிவிட்டால் மருங்காபுரி, துவரங்குறிச்சி, வளநாடு பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சுதான்: "எந்தக் குளம் அழியுது?" ஊர் கூடித் தேதி சொல்லி, எல்லாரையும் குளத்தில் மீன்பிடிக்க இறக்கிவிடுவதைத்தான் அழிவது என்போம். விராலுக்குப் போகிறவர் அந்தக் கேள்வியை மாசியில் கேட்டால் பிந்திவிட்டார் என்று அர்த்தம். குளத்தை ஐப்பசி, கார்த்திகையிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். மாசிக்கு மேல் தேதி மட்டும்தான் விசாரிக்க வேண்டியது. வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளாததால் எழுதியே வைக்கிறேன்.

நம் பக்கம் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை கொடுத்ததுதான் குளத்துத் தண்ணீர். புதுத்தண்ணீர் வந்ததும் விரால் கரையோரக் கோரைக்குள் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே திரளாக நீர்மட்டத்தில் நகரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கரைமேல் நடந்து போகிறவர் கண்ணுக்கே அந்தப் பார்ப்பு தெரியும். எந்தக் குளத்தில், எந்த மூலையில் பார்த்தோம் என்று நினைவில் வைத்தால் போதும், கோடையில், மீன்மேல் கவிழ்க்கிற அடியில்லாக் கூடையான ஊத்தாவைக் கொண்டுபோய் நிற்க வேண்டிய இடம் அதுதான். அப்போதே தூண்டிலைப் போட்டுத் தாயைத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் தின்றுவிடும். அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள்.

பார்ப்பு மட்டும் பார்த்தால் போதாது. போன கோடையில் அந்தக் குளம் முழுசாக வற்றியதா என்றும் தெரிய வேண்டும். விரால் காற்றைக் குடித்து வாழ்கிற மீன், சேற்றில் ஈரம் இருக்கிறவரை புதைந்து கிடந்து பிழைத்துக்கொள்ளும். தரை பாளம் பாளமாக வெடித்துவிட்டால் அதுவும் பிழைக்காது. அடுத்த மழையில் வருகிறதெல்லாம் சின்னச் சின்ன மீன்தான். மடையடிப் பள்ளத்திலாவது இரண்டு மூன்று கோடை தண்ணீர் நின்ற குளத்தில்தான் கைக்கு நிறைந்த விரால் கிடக்கும். இதை டீக்கடையில் கேட்காதீர்கள். அங்கே எல்லாக் குளமும் நிறைந்துதான் இருக்கும். சித்திரை வெயிலில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டியவரைக் கேளுங்கள். எந்தக் குளத்தில் எதுவரை தண்ணீர் நின்றது என்று அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டு ஆட்கள் கேட்கவில்லை. சில வருஷத்துக்கு முன் நடந்தது. வளநாட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஏந்தலில் கார்த்திகையில் நான் பார்ப்பு பார்த்து வைத்திருந்தேன். அது அழிகிற அதே நாளில் ஒரு பெரிய குளமும் அழிந்தது. குளத்தின் பேர் வேண்டாம். "அண்ணன் தம்பி எல்லாரும் ஏந்தலுக்கே போவோம்" என்றேன். என் பெரிய மச்சான், "மாப்ளே, கடலாட்டம் கெடக்குற குளத்தை விட்டுட்டுக் குட்டைக்குப் போகச் சொல்றியா?" என்றார். பங்காளிகளும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். லோடு ஆட்டோ பேசி, விடியுமுன் போய்ச் சேர்ந்தோம்.

கரை கொள்ளாத சனம். திண்டுக்கல், புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை என்று நாலு மாவட்டத்து வண்டிகள் நின்றன. சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லாரும் இறங்கினோம். கச்சா, தூரி, அரிவலை, வேட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். ஊத்தாவைத் தூக்கிக் குத்த இடம் இல்லை. வெயில் ஏறும்வரை குத்தினோம். கிடைத்ததெல்லாம் உள்ளங்கை அகல ஜிலேபிதான். ஒரு விரால்கூட ஊத்தாவில் முட்டவில்லை. கரையேறி உட்கார்ந்தபோதுதான், ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, இது மீன்பாசி குத்தகையில இருந்த குளம்ல? முந்தாநாளுதான் இழுவலை போட்டு அரிச்சுட்டுப் போனாங்க."

அந்த ஒரு விஷயத்தை முதல் நாளே கேட்டிருந்தால் வண்டி வாடகையும் ஒரு நாள் பாடும் மிச்சம். குத்தகைக்காரர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டு வளர்ப்பவர். அந்தக் குஞ்சுகளைத் தின்கிற விரால் அவருக்கு எதிரி. சின்னக் குளமாக இருந்தால் குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து, இருக்கிற மீனையெல்லாம் ஒழித்துவிட்டுத்தான் தொழிலைத் தொடங்குவார். அவர் பிழைப்பு அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குளத்தில் போய் நாம் விரால் தேடக் கூடாது. அன்றைக்கு ஏந்தலுக்குப் போன எங்கள் தெருக்காரர் நாலு விராலைச் சாக்கில் உயிரோடு கொண்டுவந்தார். மச்சான் இன்றைக்கும் "அன்னிக்கு ராசி இல்ல" என்கிறார். ராசி என்ன செய்யும்? குத்தகை முடிந்ததா, எப்போது முடிந்தது என்று ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து குளத்தின் தரை. நம் பக்கத்துக் குளங்கள் பலவற்றில் பாதி சரளையும் பாறையுமாக இருக்கும். கல்மேல் ஊத்தா அமராது, அடியில் விரல்கடை சந்து விழுந்தாலும் விரால் நழுவிவிடும். களிமண் தரையில் அமுக்கினால்தான் விளிம்பு பதியும், உள்ளே மீன் முட்டுவது கைக்குத் தெரியும். அமெரிக்காவில் மின்னசோட்டா பக்கம் உறைந்த ஏரியில் துளை போட்டு, இருட்டுக் குடிசைக்குள் உட்கார்ந்து பைக் என்ற மீனை ஈட்டியால் குத்துகிறார்கள். அவர்கள் கண்ணால் பார்த்துக் குத்த வேண்டும், அதனால் தெளிந்த தண்ணீர் உள்ள ஏரியாகத் தேடுவார்கள். நமக்குக் கைதான் கண். கலங்கிய தண்ணீர், கெட்டியான களி, ஓரத்தில் கோரை, இவை மூன்றும் இருக்கிற மூலையை விடாதீர்கள். தேதிக்கு முந்தின நாள் விடியலில் கரையில் சத்தம் காட்டாமல் நின்று பாருங்கள். விரால் மூச்சுக்கு மேலே வந்துதான் ஆக வேண்டும். தண்ணீர் வட்டம் போடுகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டல் எடுத்த குளத்தில் பள்ளங்கள் இருக்கும். முழங்கால் தண்ணீர் என்று நடந்தால் அடுத்த எட்டில் கழுத்துவரை இறங்கிவிடும். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அப்படிப்பட்ட குளத்தைத் தவிர்ப்பது நல்லது. மற்றபடி ஊத்தாவைப் பரணிலிருந்து இறக்குவது, தளர்ந்த கட்டுகளை இறுக்குவது, சீமைக்கருவேல முள் ஏறாதபடி காலில் ஏதாவது போட்டுக்கொள்வது எல்லாம் உங்களுக்கே தெரியும். வயர் போட்டுக் கரண்டு பாய்ச்சுகிறவன் யாராவது தென்பட்டால் மட்டும் ஊர்ப் பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். அவன் ஒருத்தன் போதும், குளமே மொட்டையாகிவிடும்.

இந்த வைகாசிக்கும் ஒரு ஏந்தல் பார்த்து வைத்திருக்கிறேன். குத்தகையில் இல்லை, போன கோடையில் மடையடியில் தண்ணீர் நின்றது, தெற்கு மூலைக் கோரையில் பார்ப்பும் பார்த்தாயிற்று. ஊர் கூடித் தேதி சொன்னதும் கிளம்புகிறோம். மச்சானும் வருகிறேன் என்றிருக்கிறார், வரட்டும். எந்த மூலையில் இறங்குவது என்பதை நான்தான் சொல்வேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.